வெயிலில் காயவைத்த நோட்டு

அத்தியாயம் 4

இயக்குநர் பேச ஆரம்பித்துப் பதினேழு நிமிடங்கள் ஆகியிருந்தன. அதற்குள் 'நான்' என்ற சொல் முப்பத்தொரு தடவை வந்துவிட்டது. புரூஃப் மேடம் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் அவளுக்கு விரல் அரிக்கும். அச்சகத்தை விட்டுவிட்டுத் துப்பறியும் வேலைக்கு வந்து ஆறு வருஷமாகியும் பட்டப்பெயர் அவளை விடவில்லை.

"நான் வெளிச்சத்தையே கட்டிப் போட்டவன், மேடம்" என்றார் இயக்குநர். "நான் சொல்ற பக்கம் திரும்பும். நான் நில்லுன்னா நிக்கும்."

"எங்க தெருவுல மின்சார ஆபீஸ்காரங்க தினம் ரெண்டு மணி நேரம் அதைத்தான் சார் பண்றாங்க" என்றான் ஹாரன். அவன் மேடத்தின் உதவியாளன், கார் ஓட்டுபவன், தேவையில்லாத இடத்தில் சத்தம் எழுப்புபவன். பெயர் அப்படி வந்ததுதான்.

இயக்குநர் அவனைப் பார்க்கவில்லை. சம்பளம் குறைந்தவர்களைப் பார்ப்பதில்லை என்று ஒரு விரதம் வைத்திருப்பவர்போல இருந்தார்.

விஷயம் இதுதான். ஆய்வு நிலையத்தில் ஒரு பெண் இயற்பியலாளர். சோதனைக்கூடத்துப் பக்கமே போகாமல், வெளிச்சத்தை நம் இஷ்டப்படி நடத்திச் செல்லும் பொருளைத் தாளிலேயே கணக்குப் போட்டு வடிவமைப்பவர். கையில் எப்போதும் பென்சில் இருப்பதால் பெயரும் பென்சில். மூன்று வாரங்களுக்கு முன் அவர் தன் பெயரில் ஒரு கட்டுரையை ஒரு பெரிய ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார். அது தன் கண்டுபிடிப்பு என்கிறார் இயக்குநர். இன்று பிற்பகல் மூன்றரைக்கு இதே அறையில் விசாரணைக் குழு. பென்சிலை மூன்று நாளாகக் காணோம். வீடு பூட்டியிருக்கிறது. வராவிட்டால் அவர் இல்லாமலே முடிவு: வேலையிலிருந்து நீக்கம், ஆய்விதழுக்குக் கடிதம்.

"அவகிட்ட இருக்கிற கையெழுத்துத் தாள் அத்தனையும் மூணு மணிக்குள்ள என் கைக்கு வரணும்" என்றார்.

ஆதாரம் தேடுபவன் அதைக் குழுவிடம் கொடுக்கச் சொல்வான். இவருக்குத் தன் கைக்கு வேண்டும். மேடத்துக்குப் புறங்கழுத்தில் ஒரு சலிப்பு ஏறியது. 'இவரை நம்பி முன்பணம் வாங்கினேனே' என்று தன்மேலும் கொஞ்சம்.

"உங்க ஆதாரம் என்ன?"

இயக்குநர் இரும்பு அலமாரியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து, கோயில் பிரசாதம்போல இரண்டு கையாலும் நீட்டினார். "மூணு வருஷத்துக்கு முந்தி நான் எழுதினது. இந்த அலமாரியை விட்டு ஒரு நாளும் வெளிய வந்ததில்ல. சாவி என்கிட்ட மட்டும்தான். குழுவுக்கு இதையெல்லாம் எழுத்துலயே குடுத்துட்டேன்."

கருநீலத் துணி அட்டை. குறுக்கே வெளிர்க் கோடுகள். ஒன்று மட்டும் மற்றதைவிட இரண்டு பங்கு அகலம். ஏதோ வேலைப்பாடு என்று நினைத்தாள். உள்ளே மஞ்சளேறிய தாள், முதல் பக்கத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி, பிறகு எழுபது பக்கத்துக்குச் சமன்பாடுகள். எழுபது பக்கத்தில் ஓர் அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. யோசித்து எழுதுகிறவன் கை தடுமாறும். பார்த்து எழுதுகிறவன் கைதான் இப்படி ஓடும். இது மேடத்துக்குத் தெரியும். ஆனால் அழகான கையெழுத்தைக் குற்றம் என்று எந்தக் குழுவும் ஏற்காது.

"டைரக்டர் ஆகறதுக்கு முந்தி இருந்த ரூமும் இதே மாதிரி வசதியா சார்?" என்று கேட்டான் ஹாரன், ஜன்னலை நோட்டம் விட்டபடி.

அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வந்தது, மனக்குறையல்லவா. "கீழ்த்தளத்துல போட்டிருந்தாங்க. ஒரு ஜன்னல் கிடையாது. இயக்குநரா ஆகி நாலு மாசமாத்தான் இங்க. இங்கயும் பாருங்க, புதுத் திரை, வந்த வாரமே ஒரு பட்டை ஒடிஞ்சு விழுந்துடுச்சு. மூணு பேர் மேல புகார் எழுதியிருக்கேன்."

ஜன்னலில் அடுக்கடுக்காய்ப் படுக்கைவாட்டில் பிளாஸ்டிக் பட்டைகள் தொங்கின. வெளியே எதிர்க் கட்டடம் வானத்தை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு நின்றது.

"பென்சிலோட மேசையில ஒண்ணும் கிடைக்கலையா?"

"ஒரே ஒரு தாள். இழுப்பறைக்குப் பின்னால சிக்கியிருந்தது." பழுப்பு நிறத்தில் மெல்லிய தாள் ஒன்றை நீட்டினார். ஒரு பக்கம் பென்சில் கணக்கு. ஓரத்தில், வளைந்த கோடாக, ஊசி குத்தியதுபோல வரிசையாகத் துளைகள். "இந்தத் துளைங்களைக் கவனியுங்க. வெளிச்சத்தைத் திருப்பறதுக்கான அமைப்பு. துளைகளுக்கு நடுவுல உள்ள இடைவெளிதான் முழு ரகசியம். என் யோசனை."

ஹாரன் தாளை வாங்கிப் பார்த்தான். வாயைத் திறந்தான். மேடம் அவன் காலை மிதித்தாள். மூடினான். அவன் சரித்திரத்தில் அது அபூர்வமான நிகழ்ச்சி.

நடைபாதைக்கு வந்ததும், "இப்ப ஊது" என்றாள்.

"மேடம், எங்க வீட்டுக்காரி தையல் போடறவ. பல்லு வெச்ச சின்னச் சக்கரத்தைக் காகிதத்து மேல உருட்டுவா, இந்த மாதிரிதான் புள்ளி விழும். இது வெளிச்சத்தைத் திருப்பற அமைப்பு இல்ல. சட்டைக் கைக்குழி. அளவு முப்பத்தெட்டு."

மேடம் நின்றாள். சிரிப்பு வந்தது, பின்னாலேயே அருவருப்பும் வந்தது. ஒரு சட்டையின் அக்குளைப் பார்த்து 'என் யோசனை' என்று உரிமை கொண்டாடும் மனிதர், எதைத்தான் கொண்டாட மாட்டார்?

"பென்சிலுக்கு வேண்டியவங்க யாரோ தைக்கிறாங்க. யாருன்னு கேள்."

வாசல் காவலாளியிடம் ஹாரன் பேச்சுக் கொடுத்து இரண்டே நிமிடத்தில் திரும்பினான். "கூடப் பொறந்த அக்காவாம். தினம் சாயங்காலம் ஸ்கூட்டர்ல வந்து கூட்டிக்கிட்டுப் போகுமாம். பஸ் நிலையத்துக்குப் பின்னால தையல்கடை. இதை ஏன் டைரக்டர்கிட்ட சொல்லலன்னு கேட்டேன். 'அவரு என்கிட்ட பேசினதே இல்ல, நான் எப்படிச் சொல்றது'ங்கறாரு."

கடை ஒரு கார் நிற்கும் அளவுதான். இரண்டு தையல் இயந்திரங்கள், ஒரு வெட்டு மேசை, கூரைவரை மடித்து அடுக்கிய துணி. மேசையின் ஒரு முனையில் ஐம்பது வயதுப் பெண் சட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் மெலிந்த பெண்ணொருத்தி, துணித் துண்டுகளுக்கு நடுவே முழங்கையை ஊன்றி, பழுப்புத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். கையில் இரண்டு அங்குலப் பென்சில்.

"டைரக்டர் அனுப்பி வந்திருக்கோம்" என்றாள் மேடம். பொய் சொல்வது அவளுக்குச் சோம்பல்.

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே நிமிர்ந்தாள். "ரூமைக் காலி பண்ணியாச்சு. உள்ள விடற அட்டையை முடக்கியாச்சு. இப்ப வீடு தேடி ஆளா? என் தங்கச்சி கையில இருக்கிற பென்சிலையும் புடுங்கிக்கிட்டு வரச் சொன்னாரா?"

"கிட்டத்தட்ட அதேதான். அவங்க எழுதின தாள் எல்லாம் வேணுமாம். ஆனா நான் தாளை மட்டும் எடுத்துக்கிட்டுப் போறதா இல்ல. எழுதினவங்களையும் கூட்டிக்கிட்டுப் போறேன். மூணரைக்கு விசாரணை."

பென்சில் தலை நிமிர்ந்தாள். "இன்னைக்கா? எனக்கு யாரும் சொல்லலையே."

"கடிதம் உங்க பூட்டின வீட்டுக்குப் போயிருக்கும்."

"நீங்க இங்க இருக்கறது அவருக்குத் தெரியாதா?" என்றான் ஹாரன். "அவருக்குத் தெரியாததை எழுதினா இந்தக் கடைத் தாள் பத்தாது போல."

பென்சில் சிரிக்கவில்லை. பழுப்புத் தாளில் வரிசையாகப் புள்ளி வைத்தாள். பிறகு, கேட்காமலே சொன்னாள். "ஒரு கட்டிப் பொருள்ல ஒரே அளவுத் துளைகளை வரிசை வரிசையா போட்டா, சில நிற வெளிச்சம் அதுக்குள்ள நுழையவே முடியாது. நடுவுல ஒரு வரிசைத் துளையை மட்டும் போடாம விட்டா, அந்த வரிசையில மட்டும் நடந்து போகும். ஆனா கூர்மையா ஒரு திருப்பம் வந்தா பாதி வெளிச்சம் முட்டிக்கிட்டுத் திரும்பி வந்துடும். எப்படி அடுக்கினா திரும்பி வராதுங்கறதுதான் என் கணக்கு. வழியில ஒரு துளை கெட்டுப் போயிருந்தாக்கூடச் சுத்திக்கிட்டு முன்னாலதான் போகும். பதினோரு வருஷம் ஆச்சு."

"கட்டம் போட்ட துணியில ஒரு வரிசையை விட்டுத் தைச்சா கண்ணு அந்தக் கோட்டுலயே ஓடும்ல, அதான்" என்றாள் அக்கா. "இதுக்குப் பதினோரு வருஷம். நான் கழிச்சுப் போடற காகிதம் பூரா இவளுக்குத்தான்."

"அவருக்கு எப்படிக் கிடைச்சுது?"

"ஒன்றரை வருஷம் முந்தி நானே குடுத்தேன். துறைத் தலைவரா இருந்தார். படிச்சுப் பாருங்கன்னேன். ரெண்டு மாசம் வெச்சிருந்துட்டு, 'சுவாரஸ்யமா இல்ல'ன்னு திருப்பிக் குடுத்தார்." அதைச் சொல்லும்போதுதான் அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். திருட்டைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவளுக்கு வலித்திருக்கிறது என்று மேடத்துக்குப் பட்டது.

அக்கா மேசைக்கடியிலிருந்து பென்சில் எழுதிய காகிதச் சுருள்களை இழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றின் பின்புறமும் யாரோ ஒருவரின் தோள், இடுப்பு, கைநீளம். கூடவே துணி கொடுக்க வேண்டிய தேதி. மேடம் வேகமாகப் புரட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதிகள். அதற்கும் முந்தையதெல்லாம் பழைய பேப்பர்காரனிடம் போய்விட்டது என்றாள் அக்கா.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தியே எழுதியிருக்கீங்கன்னு இது சொல்லும். ஆனா அவர் நோட்டுல மூணு வருஷம்னு இருக்கு. ஒரு வருஷம் முந்திக்கிட்டார்."

"கள்ளத் தேதி போட்டவர் நாற்பது வருஷம்னு போடாம விட்டாரே" என்றான் ஹாரன். கண்ணாடிப் பெட்டியில் தொங்கிய ஒரு கருஞ்சிவப்புத் துணியைத் தொட்டான். "இது நல்லாருக்கே அக்கா, கோடு போட்டது. புது மாதிரியா?"

"அட, அந்தக் கோபத்தைக் கிளப்பாத. சும்மா ஒரே நிறத் துணி அது. மூணு மாசம் கண்ணாடி ஓரத்துலயே கிடந்துடுச்சு. சாயங்கால வெயில் பட்ட இடம் வெளுத்து, ஜன்னல் கம்பி நிழல் விழுந்த இடம் மட்டும் பழைய நிறத்துல நிக்குது. மட்டச் சாயம்."

மேடம் அந்தத் துணியின் முன்னால் போய் நின்றாள். வெளுத்த கோடு, வெளுக்காத கோடு. இரண்டு விரலை வைத்து அளந்தாள். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஹாரன், வண்டியை எடு. சுருளை எல்லாம் தூக்கு. மூணரைக்கு அங்க வெயில் இருக்கணும்."

இயக்குநரின் அறையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற ஓர் இயற்பியல் பேராசிரியை. குழுவின் தலைவர். முன்னால் நோட்டு, கையில் பேனா. உள்ளே நுழைந்தவர்களில் பென்சிலையும் கண்ட இயக்குநரின் முகம் சுருங்கி, உடனே விரிந்தது.

"இவங்க நான் அமர்த்தின ஆள்" என்றார், மேடத்தைக் காட்டி. "திருட்டுத் தாளோட ஆளையே பிடிச்சுக் கொண்டாந்துட்டாங்க."

"கொஞ்சம் பொறுங்க" என்ற மேடம், பேராசிரியையிடம் திரும்பினாள். "அம்மா, இந்த நோட்டு மூணு வருஷமா இரும்பு அலமாரியை விட்டு வரலைன்னு எழுதிக் குடுத்திருக்கார், சரியா?"

"ஆமா. கையெழுத்துப் போட்டிருக்கார்."

மேடம் நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். எதிர்க் கட்டடத்தைத் தாண்டி வெயில் அப்போதுதான் இறங்கியிருந்தது. நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் அந்த ஜன்னலுக்கு வெயில். பட்டைகளின் இடுக்கு வழியே ஜன்னல் திட்டின்மேல் வரிவரியாக விழுந்து கிடந்தது. ஒடிந்த பட்டையின் இடத்தில் மட்டும் ஒரு வரி இரண்டு பங்கு அகலம். நோட்டை அந்த வெளிச்சத்தில் வைத்து மெல்ல நகர்த்தினாள். ஒரு விரற்கடை. இன்னும் கொஞ்சம்.

வெயிலின் கோடுகள் அட்டையின் வெளிர்க் கோடுகளில் போய்ப் படுத்துக்கொண்டன. அகலமானது அகலமானதன்மேல்.

பேராசிரியை எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"புது நோட்டு வெள்ளையா இருந்தா யாரும் நம்பமாட்டாங்க. அதனால வெயில்ல காயவெச்சுப் பழசாக்கியிருக்கார்" என்றாள் மேடம். "இந்தத் திரை வந்து நாலு மாசம். பழைய ரூம்ல ஜன்னலே கிடையாது. உலகத்து வெளிச்சத்தையெல்லாம் அடக்கப் போறவருக்கு, தன் ஜன்னல்ல வர்றது எங்க விழுதுன்னு பார்க்கத் தெரியல."

"எங்க வீட்டுல வத்தல் காயவெச்சாக்கூட நடுவுல ஒரு தடவை திருப்பிப் போடுவாங்க" என்றான் ஹாரன்.

இயக்குநரின் கழுத்து சிவந்தது. "பியூன் யாராவது எடுத்து வெச்சிருப்பான்."

"சாவி உங்ககிட்ட மட்டும்தான்னு ரெண்டாவது வரியிலேயே எழுதியிருக்கீங்க" என்றார் பேராசிரியை.

அவர் நாற்காலியில் சாய்ந்தார். உள்ளே ஏதோ வேகமாகக் கணக்குப் போடுவது கண்ணில் தெரிந்தது. அவர் சொந்தமாகப் போடும் கணக்கு அந்த ஒன்றுதான் என்று மேடம் நினைத்துக்கொண்டாள்.

"சரி" என்றார். "நோட்டு புதுசுதான். பழைய தாள்கள் நைஞ்சு போச்சு, நானே பார்த்து இதுல எழுதினேன். அது குத்தமா? நோட்டு எப்ப வாங்கினா என்ன? கணக்கு என்னோடது. ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு குறியும் என் மூளையில பிறந்தது."

மேடம் ஹாரன் கையிலிருந்த சுருள்களைப் பார்த்தாள். இது வழுக்கும் பதில். தையல் தாளின் தேதியை இது தாண்டிப் போய்விடும். பேராசிரியையின் புருவத்திலும் அந்தத் தயக்கம் தெரிந்தது.

அதுவரை கதவோரம் நின்றிருந்த பென்சில் முன்னால் வந்து, நோட்டை எடுத்துச் சில பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேராசிரியையின் முன்னால் வைத்தாள்.

"அதை அப்படியே எழுதிக்குங்கம்மா" என்றாள். "ஒவ்வொரு குறியும் அவரோடதுன்னு."

பேராசிரியை எழுதினார்.

"இப்ப நாற்பத்தொன்றாம் பக்கம் எடுங்க. மேல இருந்து ஆறாவது வரி. ரெண்டாவதா ஒரு கழித்தல் குறி இருக்கும். அது கூட்டலா இருக்கணும். அந்த ஒரு குறியால அதுக்குப் பின்னால வர்ற முப்பது பக்கமும் குப்பை. வெளிச்சம் திரும்பாது, முட்டிக்கிட்டு நிக்கும். போன வருஷம்தான் எனக்கே தெரிஞ்சுது. அனுப்பின கட்டுரையில திருத்திட்டேன். இவர்கிட்ட இருக்கறது பழைய தப்பு. அது அவர் பேர்லயே இருக்கட்டும், எனக்கு வேண்டாம்."

பேராசிரியை பக்கத்தைப் புரட்டி, நோட்டை இயக்குநரின் முன்னால் தள்ளினார். "என்ன சொல்றீங்க?"

சுவரில் பெரிய வெள்ளைப் பலகை இருந்தது. எழுதுகோல் இருந்தது. எழுந்து போய் நான்கு வரி போட்டுப் பார்த்திருக்கலாம். அவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். பேராசிரியையின் உதட்டை, மேடத்தின் கண்ணை, பென்சிலின் கையை. விடை அங்கே எங்காவது எழுதியிருக்கும் என்பதுபோல. வாழ்நாள் முழுக்க அப்படித்தான் படித்திருக்கிறார். அடுத்த மாதம் உலகத்து அறிஞர்கள் முன்னால் இந்த எழுபது பக்கத்தைப் படிப்பதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறவர்.

"அந்தத் தப்பு என்னோடது இல்ல" என்றார் திடீரென்று. குரல் கீச்சென்று ஏறியது. "அதை என் தலையில கட்டாதீங்க. அவ குடுத்த தாள்லயே அப்படித்தான் இருந்தது. நான் பார்த்து அப்படியே எழுதினேன், அவ்வளவுதான்."

பேராசிரியையின் பேனா மட்டும் கரகரவென்று ஓடியது.

புரூஃப் மேடம் கண்ணை மூடித் திறந்தாள். 'மூலத்திலேயே அப்படித்தான் இருந்தது.' பதினெட்டு வருஷத்தில் எத்தனை அச்சுக்கோப்பவர்கள், எத்தனை ஆசிரியர்கள் இதே வாக்கியத்தை அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். புகழில் பங்கு கேட்டு வருகிறவர்கள் பிழை என்றதும் பறந்துவிடுவார்கள். ஆனால் இதை வைத்து ஒரு வலை பின்னலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. சட்டைக் காகிதத்தில் எழுதும் இந்த மெலிந்த பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது.

தான் சொன்னது என்ன என்பது இயக்குநருக்கு ஒரு மூச்சு கழித்துத்தான் உறைத்தது. பேராசிரியையின் பேனாவைப் பிடிக்கப்போகிறவர்போலக் கையை நீட்டினார்.

"நான் அந்த வரியை அப்பவே பார்த்துட்டேன்" என்றார் பேராசிரியை, எழுதி முடித்துப் பேனாவை மூடியபடி. பென்சிலைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வியும் கொஞ்சம் மரியாதையும் இருந்தன. "நீங்களே சொல்லிடுங்க."

"அந்த வரியில தப்பு எதுவும் இல்ல" என்றாள் பென்சில். "கழித்தல்தான் சரி."

ஹாரன் அணைத்துப் பிடித்திருந்த சுருள்களில் ஒன்று நழுவித் தரையில் உருண்டது.

இயக்குநர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாற்பத்தொன்றாம் பக்கத்தின்மேல் கவிழ்ந்து, ஆறாவது வரியில் விரலை வைத்து, இடமிருந்து வலமாக ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அவர் கையால் எழுதிய குறிதான். சரியா தப்பா என்று இப்போதும் அவருக்குத் தெரியவில்லை.